வைக்கோல் போருக்குப் பின்னால்

ஆரோக்கியம்மாள் அக்காவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. வாயால் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லத் துணிவில்லாததால் எழுதுகிறேன்.

கிள்ளையில் எங்கள் பக்கத்து வீடு. இருபது வருஷம் கூடையில் நண்டு சுமந்து சிதம்பரம் வரை போய் விற்று, மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தவர். என் மனைவி புஷ்பவள்ளி காய்ச்சலில் கிடந்தபோது ஒரு வாரம் நண்டு ரசம் வைத்துக் கொடுத்தவரும் அவர்தான். மகள் டவுனில், செம்மண்டலத்தில் குடியேறிய பிறகு அவருக்குத் துணை, டைகர் என்கிற செவலை நாய்.

இந்த மாசியில் அறுப்பு முடிந்ததும் வைக்கோலை வயலில் போர் போடாமல் என் ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போட்டேன். தினமும் சுமக்கும் வேலை மிச்சம் என்று என் மூளை சொன்னது. பத்தே நாளில் மூன்று ஆட்டுக்குட்டிகள் காணாமல் போயின. ஒரு காலையில் டைகர் போருக்கடியில் மூக்கை விட்டுக்கொண்டு நின்றது. அவ்வளவுதான், ரேஷன் கடை வரிசையில் நின்ற அக்காவைப் பார்த்து முப்பது பேர் முன்னால் கத்தினேன்.

"ஒன் நாயி என் குட்டியத் தின்னு கொழுக்குது. ஒழுங்கா அப்புறப்படுத்து."

அதுவரை அவரை நான் ஒருமையில் பேசியதில்லை. அக்கா அரிசியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் டைகரை வேனில் ஏற்றி மகள் வீட்டுக்கு அனுப்பினார். பழக்கமில்லாத ரோடு. நாலாம் நாள் லாரியில் அடிபட்டுச் செத்தது.

அதே வாரம் விடியற்காலையில் இன்னொரு குட்டி அலறியது. ஓடினேன். அதைக் கவ்விக்கொண்டு ஒரு நரி சவுக்குத் தோப்புக்குள் நுழைந்தது. போரைப் பிரித்தேன். அடியெல்லாம் எலி வளை. வயலில் நெல் தீர்ந்ததும் எலிகள் என் வைக்கோலில் ஒட்டியிருந்த நெல்லைத் தேடி வந்திருக்கின்றன. எலியைத் தேடி நரி வந்திருக்கிறது. வந்த இடத்தில் எலியைவிடப் பெரிய தீனியாக என் குட்டிகள். டைகர் வந்ததும் எலிக்குத்தான். எல்லாவற்றையும் கூப்பிட்டு உட்கார வைத்தவன் நான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்கா வீட்டு வாசலில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நண்டு கழுவியபடியே கேட்டார்.

"டைகர் குட்டியத் தொடாதுன்னு எனக்குத் தெரியும் தம்பி. நீங்க ஒரு வார்த்த கேக்கல."

"மன்னிச்சிடுக்கா."

"கடையில வெச்சு அப்புடிச் சொன்னீங்க. இதையும் அங்கயே சொல்லிடுங்க, போதும்."

தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்று மாதம் ஆகிறது. ரேஷன் கடைக்கு இப்போது புஷ்பவள்ளிதான் போகிறாள்.