அழுங்கு தோண்டிய குழிகள்

ஈர மண்ணில் இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். நடுவில் கயிற்றை இழுத்துக்கொண்டு போன மாதிரி ஒரு கோடு. அழுங்கு, அதுதான் எறும்புத்தின்னி, நடந்து போன தடம் அப்படித்தான் இருக்கும். முன்னங்கால் நகங்களை உள்ளே மடக்கி, விரல் முட்டியை ஊன்றி நடக்கும். வாலைத் தரையோடு இழுக்கும். நகம் மழுங்கினால் மண்ணைக் கிளற முடியாது, பட்டினி கிடக்க வேண்டியதுதான், அதனால் நகத்தை அவ்வளவு காப்பாற்றும். இப்போது யாராவது அழுங்கு என்று சொன்னால் எனக்கு அந்த மிருகத்துக்கு முன்னால் அந்தத் தடம்தான் ஞாபகம் வரும். அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணைத் தொடாமல் விரலை மட்டும் நீட்டிக் காட்டிய என் அக்காள் புருஷன் ஞாபகம் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்குக்கு அப்பால் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் கரையான் ஆட்கள். அவருக்கு என்னைவிட மூன்று வயதுதான் கூடுதல்.

கரையான் ஆள் என்றால் இப்போது யாருக்கும் புரியாது. காட்டை அழித்து ரப்பர் நட்டபோது பழைய மரங்களின் அடிக்கட்டையை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். அதில் கரையான் குடியேறி, மண்ணுக்கடியிலேயே வழி போட்டுப் போய், உயிரோடு நிற்கும் பால்மரத்தின் ஆணிவேரைத் தின்னும். மேலே பார்த்தால் மரம் பச்சையாக இருக்கும். ஒரு காற்று அடித்தால் படுத்துவிடும். மரம் விழுந்தால் துரைக்கு வயிறு எரியும். ஆள் விழுந்து அப்படி எரிந்ததை நான் பார்த்ததில்லை. அந்தக் கரையானை ஒழிக்க ஒரு புகை மெஷின் கொண்டுவந்தார்கள். இரும்புத் தட்டில் கரி நெருப்பு. அதன்மேல் கந்தகமும் பாஷாணப் பொடியும் போட வேண்டும். ஒருவன் கைப்பிடியை அடித்தால் புகை குழாய் வழியாகக் கரையான் வழிக்குள் போகும். எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் கிளம்பும். இன்னொருவன் பொடியையும் போட்டுக்கொண்டு, அந்த ஓட்டைகளையும் ஓடி ஓடிக் களிமண்ணால் அடைக்க வேண்டும். மூக்கில் கட்டிக்கொள்ளப் பழைய வேட்டித் துண்டு. அவ்வளவுதான் பாதுகாப்பு.

மச்சான் இரண்டு வருடம் பொடி போட்டார். உள்ளங்கை ஆமை ஓடு மாதிரி தடித்தது. மூக்குக்குள் புண் வந்து ஆறவே இல்லை, குனிந்தால் ரத்தம் சொட்டும். வாசனை தெரியாமல் போனது, குரலும் போய்விட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் விளக்கை வைத்து மூக்குக்குள் பார்த்துவிட்டு, "இனிமே புகைப் பக்கம் போகாத. போனா இந்த வருசம் தாண்ட மாட்ட" என்றார். அக்காள் அப்போது நான்கு மாதம். மச்சான் கங்காணியிடம் போய்ப் பால் வெட்டு வேலை கேட்டார். "வெட்டுக்கு ஆள் நெறஞ்சு போச்சு. மூக்கைப் பொத்திக்கிட்டு வேலையைப் பாரு" என்றான் கங்காணி. வேறு தோட்டத்துக்கு ஓடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வயிற்றுப் பிள்ளைக்காரியைக் கூட்டிக்கொண்டு எங்கே ஓடுவது? எங்கே போனாலும் கரையான் ஆளுக்கு அங்கேயும் அதே மெஷின்தான்.

அந்தச் சமயத்தில்தான் அவர் அழுங்கைப் பார்த்தார். ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் பெரட்டுக்கு ஆட்கள் வந்து வரிசையில் நிற்பதற்கு முன்னால் காட்டோரமாகப் போயிருந்தார். இரவெல்லாம் இரை தேடிவிட்டு வளைக்குத் திரும்பாமல் அது ஒரு கட்டையடியில் இன்னும் தோண்டிக்கொண்டிருந்தது. மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். இரண்டு பேரும் காற்றுக்கு எதிர்ப்பக்கம் படுத்துப் பார்த்தோம். அதற்குப் பல் கிடையாது. மூக்கை மண்ணில் வைத்து மோந்து மோந்து வரும். ஓரிடத்தில் நின்று முன்னங்காலால் கிழிக்கும். பிறகு நாக்கு வரும். முழம் நீளத்துக்கு, ஈரமாக, புழு மாதிரி. அது புற்றுக்குள் போய்ப் போய் வரும், கரையான் அதில் ஒட்டிக்கொண்டே வரும். கரையான் முகத்தில் ஏறினால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும், மூக்கையும் காதையும்கூட அடைத்துக்கொள்ளும். அப்படி மூடிக்கொள்ள ஒரு மூக்கு அவருக்கு இருந்திருந்தால் போதும் என்று இப்போது நினைக்கிறேன். கொஞ்சம் தின்றதும் புற்றை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கட்டைக்கு நகர்ந்தது. "கங்காணியைவிட இதுக்குப் புத்தி இருக்கு மாப்ளே. எல்லாத்தையும் ஒரே நாள்ல திங்க மாட்டேங்குது பாரு" என்று குரல் இல்லாத குரலில் சொல்லிச் சிரித்தார்.

அது விட்டுப் போன குழியில் நாங்கள் மண்வெட்டியைப் போட்டோம். ஒரு ஆள் ஆழத்தில் கூடு முழுசாகக் கிடைத்தது, ராணியும் கிடைத்தது, விரல் மாதிரி வெள்ளையாக, நகர முடியாமல். துரைக்கு வேண்டியது ராணிதான். ஒவ்வொரு சாயங்காலமும் பால் டின்னில் போட்டு ஆபீசில் காட்ட வேண்டும். டின்னில் ராணி இருந்தால் மெஷினை எடுத்தாயா இல்லையா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதிலிருந்து நாங்கள் தினமும் தடத்தைத் தேடினோம், குழியைத் தேடினோம், தோண்டினோம். மெஷின் கொட்டகையில் கிடந்தது. இரண்டு மாதம் அப்படி ஓடியது. மச்சானுக்கு மூக்கில் ரத்தம் நின்றது. ஒரு நாள் லயத்து வாசலில் நின்று, அக்காள் கருவாடு வறுக்கிற வாசனை தெரிகிறது என்று கம்மிய குரலில் கத்தினார். பக்கத்து வீட்டுக்காரி, "கருவாட்டு நாத்தத்துக்கு இப்படி ஒரு ஆட்டமா அண்ணே?" என்று கேட்டாள். அக்காள் அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மச்சான் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார். "இதை யார்கிட்டயும் வாய் திறக்காத. தெரிஞ்சா பிடிச்சிருவானுங்க." நான் சரி என்றேன்.

ஒரு சம்பள நாள் சாயங்காலம் கள்ளுக்கடையில் இருந்தேன். கங்காணி எதிரே உட்கார்ந்திருந்தான். மற்ற கரையான் ஆட்களும் இருந்தார்கள். அவர்கள் டின் எப்போதும் பாதி காலி. கங்காணி என்னைப் பார்த்து ஆரம்பித்தான். "என்னலா, ஒம்மச்சான் பூசாரி ஆயிட்டானாமே? கரையான் ராணியெல்லாம் தானா வந்து டின்னுல குதிக்குதாமே?" எல்லோரும் சிரித்தார்கள். "இவனுக்கு என்ன தெரியும்ண்ணே, அக்கா புருஷன் பின்னாடி மண்வெட்டி தூக்கிக்கிட்டுப் போறவன்தானே" என்றான் ஒருவன். அதற்கும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "பூசாரியும் இல்ல, மந்திரமும் இல்ல. அழுங்கு இடத்தைக் காட்டுது, நாங்க தோண்டுறோம். அதுக்குப் புத்தி வேணும்லா, உங்ககிட்ட இருக்கா?" என்றேன். சிரிப்பு நின்றது. எல்லோரும் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. போதையில் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். அரை குவளைகூடக் குடிக்கவில்லை.

மறுநாள் காலை கங்காணி மூன்று ஆட்களோடு வந்து, தடத்தைப் பிடித்துக்கொண்டே போய், வளையைத் தோண்டினான். அழுங்கு ஓடவில்லை. அதற்கு ஓடத் தெரியாது, கடிக்கவும் தெரியாது. தலையை வயிற்றுக்குள் விட்டு, வாலைச் சுற்றி, பந்தாகச் சுருண்டுகொண்டது. புலியாலும் பிரிக்க முடியாது என்பார்கள். மனிதனுக்குப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லையே. அப்படியே உருட்டிச் சாக்கில் தள்ளினால் போதும். தள்ளும்போதுதான் சுருளுக்குள் ஒரு குட்டி இருப்பது தெரிந்தது. "ஒன்னு வாங்கினா ஒன்னு இனாம்!" என்றான் கங்காணி. மச்சான் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். "அண்ணே, விட்டுருங்கண்ணே. எத்தனை ராணி வேணும்னாலும் நான் எடுத்துத் தாரேன்." கங்காணி சாக்கைக் கட்டிக்கொண்டே, "ராணி எடுக்கத்தான் மெஷின் இருக்கே" என்றான். சாக்கு ஈப்போவில் ஒரு சீன மருந்துக் கடைக்கு விலைக்குப் போனது, அதன் உடம்பு முழுக்க இருந்த செதிலுக்காக.

திரும்பி வரும் வழியில் மச்சான், "நீ சொன்னியா மாப்ளே?" என்று கேட்டார்.

"இல்ல மச்சான்."

"சரி. வேற எவனாவது பார்த்திருப்பான்" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

வேறு தடம் கிடைக்குமா என்று நாலு நாள் காட்டோரம் முழுக்கத் தேடினோம். உடும்பு நடந்த தடம் இருந்தது, எலி இழுத்துப் போன கொட்டை இருந்தது, அழுங்கு இல்லை. நாலு சாயங்காலமும் டின் காலி. ஐந்தாம் நாள் மெஷினை வெளியே எடுக்கச் சொன்னார்கள். எனக்குத் தோள் பலம் என்று கங்காணி என்னைக் கைப்பிடியில் நிறுத்தினான். மச்சானைப் பொடி போடச் சொன்னான். இடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு அந்தப் புகை என்றால் பயம். நான் அடித்துத் தள்ளிய புகையை அவர் குடித்தார். நான்கு மாதம் தாங்கினார். பெண் குழந்தை பிறந்த இருபதாம் நாள், லயத்தில் பாயில் உட்கார்ந்தபடியே, படுத்தால் மூச்சு வராது என்று சுவரில் சாய்ந்தபடியே செத்துப்போனார். ஆஸ்பத்திரிச் சீட்டில் நெஞ்சுச் சளி என்று எழுதினார்கள். பாஷாணம் என்று எழுத ஒருவனுக்கும் கை வரவில்லை. அடுத்த வாரம் பொடி டப்பாவை என்னிடம் கொடுத்தார்கள். இரண்டு மாதம் போட்டேன். பிறகு துரைக்கு மெஷின் செலவு அதிகம் என்று தோன்றியதால் நிறுத்திவிட்டார்கள். அதனால் நான் பிழைத்துக்கொண்டேன்.

இப்போது குனோங் ராபாட்டில் மகன் வீட்டில் இருக்கிறேன். கோயில் மண்டபத்துக் கூட்டங்களில் நம் முன்னோர் வியர்வை சிந்தி இந்த நாட்டை வளர்த்தார்கள் என்று பேசுகிறார்கள். கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எங்கள் மச்சான் வியர்வை சிந்தவில்லை, மூக்கிலிருந்து ரத்தம் சிந்தினார். துரையைத் திட்டலாம், கங்காணியைத் திட்டலாம், நானும் வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். என்னை மட்டும் யாரும் திட்டியதில்லை. யாருக்கும் தெரியாது.

அக்காள் மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. புல் வெட்டிப் பெண்ணை வளர்த்தாள். எனக்கும் அவள்தான் சோறு போட்டாள், எனக்குக் கல்யாணம் ஆகும் வரை. சாகிற வரைக்கும் கங்காணியைச் சபித்தாள். அவன் செத்த பிறகும் விடவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஈப்போ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, திடீரென்று என்னைக் கூப்பிட்டு, "ஏன் தம்பி, அந்தப் பாவிக்கு அழுங்கைப் பத்தி எவன்டா சொல்லியிருப்பான்?" என்று கேட்டாள். பக்கத்தில் ஒருவரும் இல்லை. சொல்லியிருக்கலாம்.

"எனக்கென்னக்கா தெரியும்" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும், பாவம்" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.