இடது கை ரத்தம்

குத்தூசியை மூட்டையின் வயிற்றில் சொருகி ஒரு திருகு திருகி இழுக்கிறார் கோதண்டராமன். அந்தக் கூர்க்குழாய் வழியே நெல் அவர் உள்ளங்கையில் கொட்டுகிறது. ஊதுகிறார், ஒன்றைக் கடிக்கிறார், மிச்சத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். பிறகு சாக்கில் விழுந்த ஓட்டையைக் கட்டைவிரலால் இரண்டு தேய் தேய்க்கிறார். சணல் இழைகள் கூடி மூடிக்கொள்கின்றன.

செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் தரகர் அவர். ஒரே குத்தில் தீர்ப்புச் சொல்ல மாட்டார். விற்க வந்தவர் முகம் சுருங்கினால், "இருப்பா, வேற பக்கமும் பாத்துடலாம்" என்பார். சட்டைப்பை நெல் கொட்டி வாஷிங் மெஷினில் நாற்று விடாத குறைதான் என்று மனைவி சுந்தராம்பாள் சொந்த ஊரான சிங்கவரம் முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

ஆடியில் அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டியை எடுத்தார்கள், பாண்டிச்சேரியில். ஸ்கேனில் ஒன்றும் மிச்சமில்லை. அதோடு விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார். டாக்டர் சுவாதி இரண்டு குழாய் ரத்தம் எடுத்து வெளியூர்ச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். கட்டி உதிர்க்கிற மரபணுத் துணுக்கு ரத்தத்தில் மிதக்கிறதாம். ஸ்கேனுக்குச் சிக்காத அளவில் எங்கோ நோய் தங்கியிருக்கலாமாம். கீமோ எடுப்பதா, பொறுத்துப் பார்ப்பதா, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

யோசித்தார். டீக்கடையில், பஸ்ஸில், எடை போடும் இடத்தில், எல்லாரிடமும் ஒரே கேள்வி.

"மூட்டைல சொத்தை இல்லன்னு ஸ்கேன் சொல்லுது. கைப்புடி நெல்லு மட்டும் சொத்தைன்றாங்க. எதப்பா நம்புறது?"

கேட்டவர்கள் இரண்டு பக்கமும் தலையாட்டினார்கள். ஒருநாள் கீமோவுக்குக் கிளம்புவார். மறுநாள், பசி நன்றாக எடுக்கிறதே என்று உட்கார்ந்துவிடுவார்.

"ஊரு நெல்லுக்கெல்லாம் தீர்ப்பு சொல்ற ஆளு, சொந்த ரத்தத்துக்கு முழிச்சிகினு நிக்கிறத பாரு" என்றார் சுந்தராம்பாள். சொல்லிவிட்டு அவரும் திருதிருவென்று விழித்தார்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. ரத்தம் எடுத்தது வலது கையில். "அது ஒரு பக்கத்து நெல்லும்மா. இந்தக் கையில எடுத்துப் பாருங்க" என்று டாக்டரிடம் இடது கையை நீட்டினார். உடம்பு முழுக்க ஓடுவது ஒரே ரத்தம்தான் என்றார் டாக்டர், சிரிக்கவில்லை. எப்படியும் இன்னொரு தடவை பார்ப்பது நல்லது என்று இடது கையிலேயே எடுக்கச் சொன்னார். கால் பக்கம் எடுக்க முடியுமா என்று கேட்கப்போனவரைச் சுந்தராம்பாள் விலாவில் இடித்தார்.

இடது கையும் அதையே சொன்னது.

"இல்லாத ஒண்ணுக்கு எதுக்கும்மா மருந்து?"

"இல்லன்னு நான் சொல்லலைங்க. கண்ணுக்குத் தெரியலன்னுதான் சொன்னேன்."

கீமோ எடுத்தால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு குறையலாம். உறுதி கொடுக்க முடியாது என்றும் சொன்னார். சம்மதமென்றால் கீமோவுக்கு முன் செய்யும் சோதனைக்கு இன்றைக்கே ரத்தம் கொடுத்துவிட்டுப் போகலாம்.

கோதண்டராமன் மனைவியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "எனக்கு இன்னும் ஒண்ணும் வெளங்கல" என்றபடி சட்டைக் கையைச் சுருட்டினார். நர்ஸ் ரத்தம் எடுத்து ஊசியை உருவி, அழுத்திப் பிடிக்கச் சொல்லிப் பஞ்சைக் கொடுத்தார். கோதண்டராமன் பஞ்சை மடியில் வைத்துவிட்டு, ஊசி போன இடத்தைக் கட்டைவிரலால் இரண்டு தேய் தேய்த்தார்.