பதினொரு நிமிடம் இருந்த போட்டோ

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஸ்கேல் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். சட்டைப் பையில் ஓர் ஆறங்குல இரும்பு ஸ்கேல் எப்போதும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் போய்ப் பார்த்து, எது எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தரும் சர்வேயர் வேலை. எனக்கும் அதே வேலைதான், பக்கத்து மேஜை. நாங்களெல்லாம் போனில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். அவர் மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வளைந்த பம்பரைப் பென்சிலால் வரைந்து, அளவு குறித்துக்கொண்டு வருவார். அடிபட்ட வண்டியைப் பார்த்துக் கண் கலங்குகிற ஒரே சர்வேயர் என்று கேலி செய்வோம். கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆள் வீட்டில் தங்க மாட்டார். எங்கேயாவது ஐம்பது, அறுபது வருஷத்துப் பழைய மோட்டார் சைக்கிள் இருப்பதாகக் காற்றுவாக்கில் கேள்விப்பட்டால் போதும், வரைபலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். எஞ்சினைச் சுற்றி எத்தனை தகடுகள் என்று எண்ணி அத்தனையும் வரைவார். ஒரு போல்ட்டின் தலையில் ஸ்பானர் வழுக்கிய தழும்பு இருந்தால் அதுவும் தாளில் இருக்கும். சொந்தமாக அவரிடம் இருந்தது ஒரு ஸ்கூட்டர், அதற்கும் கிக்கரை மிதித்து மிதித்து உயிர் கொடுக்க வேண்டும். அவர் மனைவி ஒரு மருந்துக்கடையில் மருந்தாளர். ஒருமுறை என்னிடம் சொன்னார்: "என் தங்கச்சி வீட்டுக்காரர் பேரைக் கேளுங்க, முழிப்பாரு. எந்த வண்டிக்குச் சைலன்சர் எந்தப் பக்கம்னு கேளுங்க, தூக்கத்துல சொல்லுவாரு."

பழைய வண்டிப் பிரியர்கள் சங்கம் ஒன்று இருந்தது. ஒரு பல் டாக்டர் அதற்குத் தலைவர். போன் குழுவில் இருநூறு பேருக்கு மேல். ஸ்கேல் ஒரு படத்தை வரைந்து குழுவில் போட்டால் கைதட்டல் பொம்மைகள் வரிசையாக வந்து விழும். மறுநாள் என் மேஜைக்கு வந்து ஒவ்வொன்றாகக் காட்டுவார். ஐம்பத்தொரு வயது ஆளின் முகம் அப்போது பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் முகம் மாதிரி இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் ஒரு மதில் சரிந்து ஒரு காரின் மேல் விழுந்துவிட்டது. பார்க்கப் போனவர் இவர். மதில் விழுந்த ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டுக் கொல்லைக் கொட்டகை தெரிந்தது. உள்ளே ஒரு பழைய படுக்கை விரிப்பு மூடியிருந்த ஏதோ ஒன்று. விரிப்பின் அடியில் சைலன்சரின் வால் மட்டும் நாலு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தே, இப்போது எங்கும் கிடைக்காத எந்த மோட்டார் சைக்கிள் அது என்று கண்டுபிடித்துவிட்டார். காரை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

அந்த வீட்டில் தனியாக இருந்தவர் ஓய்வுபெற்ற பிரசவ நர்ஸ். அறுபத்தாறு வயது, இரண்டு முழங்காலிலும் வலி, குரல் மட்டும் வார்டு முழுக்கக் கேட்கிற குரல். வண்டி அவருடையதேதான். இருபத்துநாலு வயதில் வாங்கிப் பதினாலு வருஷம் அதில்தான் பிரசவம் பார்க்கப் போனாராம். டேங்கின் இடது பக்கத்தில் ஒரு பள்ளம். இரட்டைக் குழந்தை, தலை வெளியே வந்துவிட்டது என்று ஆள் வந்தபோது அவசரத்தில் ஆஸ்பத்திரி கேட்டிலேயே மோதியது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

"வரையட்டுமா அக்கா?" என்று கேட்டாராம் ஸ்கேல்.

"வரைஞ்சுக்கோங்க தம்பி. ஆனா இது இங்க இருக்குன்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. முன்ன ஒருத்தன் மோப்பம் பிடிச்சு வந்து, வித்துடுங்க வித்துடுங்கன்னு மூணு மாசம் உயிரை எடுத்தான். வித்துட்டேன்னு பொய் சொல்லி விரட்டினேன். சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே?"

"சத்தியமா அக்கா."

நாலு ஞாயிறு உட்கார்ந்து வரைந்தார். நர்ஸம்மா ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, டீ கொடுத்து, எந்தக் குழந்தை எந்த ஊரில் பிறந்தது என்று கதை சொன்னார். படம் அபாரமாக வந்திருந்தது. பின்னணியை வேண்டுமென்றே வெள்ளையாக விட்டிருந்தார். இடம் தெரியக் கூடாதே என்றுதான். அதுவரை அவர் வாக்கு சுத்தமாக இருந்தது.

படத்தைக் குழுவில் போட்டார். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஒருவர் மட்டும் எழுதினார்: "அருமை. ஆனா இந்த வண்டி இப்ப யார்கிட்டயும் இல்ல. ஏதோ புத்தகத்தைப் பார்த்து வரைஞ்சிருப்பீங்க." இன்னொருவர் அதற்குச் சிரித்து வைத்தார். ஸ்கேலுக்குச் சுருக்கென்று தைத்தது. பதினெட்டு வருஷமாக வண்டி எதிரில் இல்லாமல் ஒரு கோடு போடாதவர். 'நேரில் பார்த்து வரைந்தது' என்று எழுதினார். 'அப்படியா' என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. அந்த 'அப்படியா'வில்தான் எல்லாம் போயிற்று. கடைசி ஞாயிறன்று வண்டியின் பக்கத்தில் நின்று தானே எடுத்துக்கொண்ட போட்டோவைத் தூக்கிக் குழுவில் போட்டுவிட்டார்.

போட்டோவில் அவர் தோளுக்குப் பின்னால் கொட்டகையின் ஜன்னல். ஜன்னல் வழியாக ஊர்த் தண்ணீர்த்தொட்டி. தொட்டியின் மேல் யானை உயரத்துக்கு ஏழு என்ற எண், எந்தப் பகுதி என்று கண்டுபிடிக்க அது போதும். போட்ட பிறகுதான் அதைக் கவனித்தார். உடனே அழித்தார். போட்டோ குழுவில் இருந்தது பதினொரு நிமிடம். அதற்குள் நாற்பத்திரண்டு பேர் பார்த்திருந்தார்கள். பயத்தில் தன் போனிலிருந்தும் அந்தப் போட்டோவை அழித்துவிட்டார்.

மூன்றாவது வாரம், நர்ஸம்மா முழங்காலுக்குச் சிகிச்சைக்குப் போயிருந்த ஒரு காலைவேளையில், ஒரு சின்ன லாரி வந்து நின்றது. மதில் இன்னும் கட்டி முடியவில்லை. "ரிப்பேருக்கு எடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு இரண்டு பேர் வண்டியை உருட்டிக்கொண்டு போய் ஏற்றினார்கள். ஏற்றுவதற்குப் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு கை கொடுத்தாராம்.

நர்ஸம்மா முதலில் போன் செய்தது ஸ்கேலுக்குத்தான். "தம்பி, வண்டியைக் காணோம் தம்பி" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

அன்று மத்தியானம் என்னை மாடிப்படி ஓரம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னார். "நான் போய்ச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டார்.

நான் சொன்ன பதிலை இன்றைக்கு எழுதவே கூசுகிறது. "நீங்களா திருடினீங்க? போட்டோதான் இல்லையே. சும்மா இருங்க, தானா கிடைச்சிடும்" என்றேன். நல்லவன் மாதிரி தோளில் வேறு தட்டினேன்.

அவர் சும்மா இருந்தார். ஆனால் வீட்டில் உட்காரவும் முடியவில்லை. நர்ஸம்மாவை ஸ்கூட்டரில் வைத்து ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். வண்டியின் போட்டோ இருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நர்ஸம்மாவிடம் இருந்தது இளம் வயதில் எடுத்த ஒரு மங்கலான படம். "தம்பிகிட்ட?" என்று திரும்பிப் பார்த்தார். "இல்லக்கா" என்றார் ஸ்கேல். பிறகு வரைந்த படத்தை எடுத்து நீட்டினார். டேங்கின் பள்ளம், எஞ்சின் எண், பிரேக் மிதியில் அரம் போட்ட அடையாளம், எல்லாம் அதில் இருந்தன. இன்ஸ்பெக்டர் அசந்துபோய், "போட்டோவை விட இது தேவலாம்" என்றார்.

"இந்த வண்டி அங்க இருக்குன்னு வேற யாருக்கும்மா தெரியும்?"

"அக்கம்பக்கத்தைத் தவிர வெளியாள் யாருக்கும் தெரியாதுங்க. தம்பிக்கு மட்டும்தான். அவர் என் கூடப் பொறந்தவர் மாதிரி." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆங், போன மாசம் ஃபேன் மாட்ட ஒரு எலக்ட்ரீஷியன் வந்தான். கொட்டகைக்கும் போனான்" என்றார்.

ஸ்கேல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் நர்ஸம்மா வீட்டுக்குப் போய்வந்தார். அவர் கொடுத்த டீயைக் குடித்தார். "இந்தக் காலத்துல யாருங்க இப்படி ஓடி வராங்க" என்று அவர் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. உடம்புக்கு என்ன என்று மனைவி கேட்டதற்கு, அலைச்சல் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

ஒன்பதாவது நாள் படத்தின் நகல் ஒன்றைக் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போனார். வாசல் பெஞ்சில் அந்த எலக்ட்ரீஷியன் உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து உட்கார வைத்திருக்கிறார்கள். மடியில் கருவிப் பை, அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தான். இவரைப் பார்த்ததும் எழுந்தான்.

"சார், அந்த அம்மா வீட்டுல உங்களைப் பார்த்திருக்கேன். கொஞ்சம் சொல்லுங்க சார். நான் ஃபேன் மட்டும்தான் சார் மாட்டினேன்."

ஸ்கேல் நேராக உள்ளே போய், நின்றபடியே, இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் வண்டியைக் கண்டுபிடிக்க ஒரே நாள்தான் ஆயிற்று. போட்டோவைப் பார்த்த நாற்பத்திரண்டு பேரில், குழுவில் ஒரு வார்த்தை எழுதாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த ஒருவன் பழைய உதிரிபாகம் விற்பவன். ஊருக்கு வெளியே இருந்த அவன் ஷெட்டைத் திறந்தபோது சட்டமும் டேங்கும் இரண்டு சக்கரமும் கிடைத்தன. எஞ்சின் இல்லை. நாலு நாளைக்கு முன்னால் கைமாறி எங்கோ போய்விட்டது. குத்திக்காட்ட வேண்டுமென்று இன்ஸ்பெக்டர் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்: "ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா முழுசாக் கிடைச்சிருக்கும் சார்."

அன்றே நர்ஸம்மா வீட்டுக்குப் போனார். திணறித் திணறிச் சொல்லி முடித்தார். கத்துவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்திருந்தார். நர்ஸம்மா தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

"நீங்க போட்டோ போட்டதைக் கூட விடுங்க. ஒம்பது நாளா என் முன்னாடி உக்காந்து எப்படி டீ குடிச்சீங்க?"

கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு நர்ஸம்மாவே தொடர்ந்தார்.

"அந்த எலக்ட்ரீஷியன் பையனை நான்தானே காட்டிக் கொடுத்தேன். அவனுக்கும் வீடு வாசல் இருக்கு. என்னையும் பாவத்துல சேர்த்துட்டீங்களே. சரி, கிளம்புங்க சார்."

சார் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது மனைவி கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான். பிறகு, "அந்த எலக்ட்ரீஷியன் வீடு எங்கன்னு விசாரிங்க. நானும் வரேன்" என்று கிளம்பிவிட்டார். இரண்டு பேரும் போய் அவன் மனைவி, அம்மா முன்னால் மன்னிப்புக் கேட்டார்கள். அவன், "பரவாயில்ல சார், விடுங்க" என்றானாம். அவன் அம்மா விடவில்லை. "தெருவே பார்த்துச்சுங்க. உங்களை ஒருநாள் அங்க உக்கார வச்சாத் தெரியும்" என்றார். ஸ்கேல் தலையாட்டினார். நியாயம்தானே என்று என்னிடம் சொன்னார்.

சங்கக் கூட்டத்திலும் எழுந்து தானாகவே சொன்னார். பல் டாக்டர் எரிந்து விழுந்தார். "இனிமே யாரு நம்மை நம்பிக் கொட்டகையைத் திறப்பாங்க? சங்கத்து மானத்தையே வாங்கிட்டீங்களே." அடுத்த வருஷக் காலண்டரின் முதல் மாதத்துக்கு அந்தப் படத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வேண்டாம் என்று ஸ்கேல் திருப்பி வாங்கிக்கொண்டார். குழுவிலிருந்தும் விலகினார். அலுவலகத்தில் எங்கள் மேலாளர் ஏதோ நல்லது செய்வதாக நினைத்து, இவருடைய பழைய படம் ஒன்றைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டப் போனபோது, கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்துவிட்டார். ஏழு மாதம் வேலைக்குத் தவிர பென்சிலைத் தொடவில்லை.

எட்டாவது மாதம் ஒரு மெக்கானிக் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நர்ஸம்மா அதே மாதிரி வேறொரு எஞ்சினைத் தேடிப் பிடித்துவிட்டாராம். ஆனால் பிடிமானத் தகடுகள், குழாய்கள், மூடிகள் எல்லாம் புதிதாக அடிக்க வேண்டும், அளவு தெரியவில்லை. "உங்க நோட்டுல இருக்கும்னு அந்த அம்மா சொன்னாங்க" என்றார். வரையும்போது குறித்து வைத்த அளவுகளெல்லாம் ஸ்கேலிடம் இருந்தன. பதினாறு தாள்கள், ஒவ்வொரு பாகத்துக்கும் முன்புறம், பக்கவாட்டு, மேற்புறம் என்று மூன்று தோற்றம். மூன்று வாரம் லீவு நாளெல்லாம் உட்கார்ந்து வரைந்தார். மெக்கானிக்கிடமே கொடுத்தனுப்பியிருக்கலாம், ஆனால் நேரில் கொண்டுபோனார். நர்ஸம்மா கேட் வரைக்கும் வந்து வாங்கிக்கொண்டார். முதல் தாளை எடுத்துப் பார்த்தார். "கரெக்டா இருக்கு" என்றார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. இவரும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் என்னிடம் சொன்னார், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் சங்கம் பழைய வண்டிக் கண்காட்சி வைத்தது. நான்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன். வாசல் வரை வந்தவர், வரிசையில் மூன்றாவதாக நின்ற வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். டேங்குக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள், பள்ளத்தை மட்டும் நிமிர்த்தவில்லை. சுற்றிலும் கூட்டம். நடுவில் நர்ஸம்மாவின் குரல் கேட்டது, இரட்டைக் குழந்தைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாங்க, ஒரு வார்த்தை பேசிட்டு வரலாம்" என்றேன்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இப்படியே நிக்கிறேன்."

நான் மட்டும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் சாலையின் எதிர்ப்பக்கம், பூட்டிய கடை ஒன்றின் நிழலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஸ்டார்ட் பண்ணினாங்களா?"

"பண்ணினாங்க. ரெண்டாவது உதையிலேயே."

"அவங்களுக்கு உக்கார ஏதாவது போட்டிருக்காங்களா? ரொம்ப நேரம் நிக்க முடியாது அவங்களால."

"போட்டிருக்காங்க" என்றேன்.

தலையாட்டினார். பிறகு ஸ்கூட்டரைத் தேடிக்கொண்டு நடந்தோம்.