புலி நடந்த தரை

கேரள எல்லையில், கோவிந்தாபுரம் சோதனைச்சாவடி முன்னால் எங்கள் பேருந்து நின்று அரைமணி நேரமாகிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, நேற்று பார்த்த மிருகக்காட்சிசாலைக்கு அலைபேசியில் ஐந்து நட்சத்திரம் போடுகிறேன். ‘புலி கண்ணாடி வரைக்கும் வருகிறது, தவறவிடாதீர்கள்’ என்றும் எழுதுகிறேன். பெருமை அடங்காமல், எடுத்த வீடியோவைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுகிறேன். அவர் பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு வாங்கப் போகும் விவசாயி.

இரண்டு முறை பார்த்துவிட்டு அலைபேசியைத் திருப்பித் தருகிறார்.

“நல்ல உருப்படிங்க. தரையப் பாத்தீங்களா?”

“தரையில என்னங்க?”

“ஒரு ஊட்டுல மாடு வாங்கப் போனா நாங்க மொதல்ல கட்டுத்தறியத்தானுங்க பாப்போம். மாட்டச் சுத்தித் தரை தேஞ்சு குழிஞ்சு கெடந்தா, அவுத்தே உடறதில்லீன்னு அர்த்தமுங்க. அப்பறந்தான் மாட்டப் பாக்கறது.”

வீடியோவை மறுபடி ஓட்டுகிறேன். கண்ணாடியை ஒட்டிப் புல் முளைக்காத ஒரு தடம் கிடக்கிறது. புலி அதிலேயே பத்தடி நடந்து, அதே கல்லருகே, அதே பக்கம் திரும்புகிறது. நேற்று அது எங்களைப் பார்க்கத்தான் வருகிறது என்று நம்பி நின்றிருக்கிறேன்.

ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். நட்சத்திரங்களை அழித்துவிட்டு எழுகிறேன். மறுபடி திறந்த வீடியோ நிற்காமல் ஓடுகிறது. புலி திரும்பும்போதெல்லாம் அதில் என் குரல் கேட்கிறது:

“இன்னும் ஒரு தடவ. இன்னும் ஒரே ஒரு தடவ வா.”