வெள்ளைத் துண்டும் இரண்டு மிட்டாயும்

உர்சுலாவின் புருஷன் சிரில் ரயில்வேயில் கார்டு. தொண்டையில் புற்று என்று டாக்டர் சொன்ன அன்றே வார்டில் படுக்கவைத்துவிட்டார்கள். துடைக்க ஒரு துணிகூடக் கொண்டுவராமல், அவர் வாயைத் தன் முந்தானையால் ஒற்றிக்கொண்டு நின்றவள் உர்சுலா. அவர் போனபின் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் கலந்து வாழும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடை மாடியில் தையல் மிஷினோடு குடியேறினாள்.

எண்பத்தாறாம் வருஷம் மாதா கோயில் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பை தைக்க ஆரம்பித்தாள். அந்த வியாதி என்று புதிதாகத் தெரிந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு. வெள்ளைத் துண்டு ஒன்று, குமட்டலுக்குப் புதினா மிட்டாய், முடி கொட்டினால் தலையில் கட்ட மெல்லிய துணி. என்ன போடுவது என்பதில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"சிரிலைக்கூட இப்படிப் பார்த்துப் பார்த்து கவனிச்சியாடி?" என்று சிநேகிதி லூசி சீண்டுவாள்.

"அப்போ தெரியலைலா. அதான் இப்போ."

அதுவரை பை வாங்கியவர்கள் எல்லாரும் தமிழ் ஆட்கள். அன்றுதான் முதல் முறையாக ஒரு சீனப் பெண்ணுக்கு, மிஸஸ் சியூவுக்கு. அவள் எக்ஸ்ரேக்குப் போயிருந்ததால் உர்சுலாவும் லூசியும் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்தார்கள். "ஊசியே வேணாம், வீட்டுக்குப் போறேன்னு அழுதாங்க. இப்பதான் சம்மதிச்சாங்க. நாளைக்கு முதல் கீமோ ஊசி" என்றாள் நர்ஸ்.

படியிறங்கும்போது லூசி மிச்சமிருந்ததை உர்சுலாவின் கையில் திணித்தாள். வெள்ளைத் துண்டு, அதன்மேல் இரண்டு மிட்டாய்.

உர்சுலாவின் கால் அப்படியே நின்றது. கீழ்க்கடைச் சீனக் கிழவர் செத்தபோது, துக்கம் கேட்டுத் திரும்பியவளிடம் வாசலில் வைத்து மகன் நீட்டியது இதே துண்டு, இதே மிட்டாய்.

"ஐயோ லூசி, இது சாவு வீட்டுத் துண்டுடி!"

"என்னடி உளர்றே?"

"சீனவங்க சாவுக்குப் போனா குடுப்பாங்களே! உசுரோட இருக்கிறவ கட்டில்ல அதை வெச்சிட்டு வந்திருக்கோம்!"

முட்டிவலியையும் பார்க்காமல் மேலே ஓடினாள். தாமதமாகிவிட்டது. மிஸஸ் சியூ கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் துண்டு, மிட்டாய். முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு கால் கீழே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

"யார் வெச்சது?" பக்கத்தில் நின்ற அவள் புருஷன்காரன் மலாயில் கத்தினான்.

நர்ஸ், லூசி, யார் பெயரையும் சொல்லியிருக்கலாம். "நான்தான்" என்றாள் உர்சுலா.

"என் பெண்டாட்டி இன்னும் சாகலை!" பை அவள் காலடியில் வந்து விழுந்தது.

உர்சுலாவுக்குத் தெரிந்ததெல்லாம் சந்தையில் பேசும் பாசார் மலாய்தான். தட்டுத்தடுமாறிச் சொன்னாள். "எங்க ஆளுங்க சாவுக்குத் துண்டு குடுக்கிறதில்லை. தெரியாம செஞ்சிட்டேன். என் புருஷனுக்கும் இதே வியாதி. வாய் துடைக்க ஒண்ணுமில்லாம நின்னேன். அதான் துண்டு."

செருப்பைத் தேடிய கால் நின்றது.

"அவர் ஊசி போட்டுக்கிட்டாரா?" மிஸஸ் சியூ முதல் முறையாக வாய் திறந்தாள்.

"இல்லை. நாங்க லேட்டா வந்துட்டோம்."

மிஸஸ் சியூ அவளையே பார்த்தாள். பிறகு இரண்டு விரலால் துண்டைத் தூக்கி உர்சுலாவின் கையில் போட்டாள்.

"மேரா ஆடா?" சீனர்களின் மங்கல நிறமான சிவப்பில் இருக்கிறதா என்று கேட்டாள்.

"வாங்கிட்டு வரேன்."

"நாளைக்கு. ஊசிக்கு முன்னாடி."

காலைக் கட்டிலுக்கு மேலே இழுத்துக்கொண்டாள். புருஷன்காரன் குனிந்து, செருப்பைக் கட்டிலுக்கடியில் தள்ளினான்.