ஏழு பன்னிரண்டு லோக்கலின் இசை நாடகம்

அம்பர்நாத்திலிருந்து காலை ஏழு பன்னிரண்டுக்குக் கிளம்பும் ஸ்லோ லோக்கல் ரயிலில், முன்னாலிருந்து நான்காவது பெட்டியில், இருபது வருஷமாகப் பஜனை நடத்திவந்தவர் வானமாமலை. நாங்குநேரிப் பக்கத்து மனுஷர். மாட்டுங்காவில் ஒரு மின்விசிறிக் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட். ஆபீசில் அவர் குரல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. மானேஜர் கூப்பிட்டால் எழுந்து நிற்பார், தலையை ஆட்டுவார், உட்காருவார். ரயில் ஏறிவிட்டால் ஆளே வேறு. அவர் எடுத்துக் கொடுக்கும் பாட்டு அடுத்த பெட்டியில் தூங்குகிறவனையும் எழுப்பிவிடும்.

கோஷ்டியில் மொத்தம் ஐந்து பேர். டோலக் வாசிப்பவர் உதுமான். கடையநல்லூர்க்காரர், தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். சாமி பாட்டுக்கு பாய் எதற்கு என்று அந்தப் பெட்டியில் ஒருவரும் கேட்டதில்லை. அவர் வராத நாளில் பாட்டு எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று ஆண்டவனுக்கே தெரியாது. ஐவரும் நின்றுகொண்டுதான் பாடுவார்கள். உட்கார்ந்தால் அடிவயிற்றுக் குரல் வராது என்பது வானமாமலையின் கொள்கை. உட்கார இடம் கிடைக்காது என்பது நடைமுறை.

பக்கத்தில் லேடீஸ் பெட்டி. நடுவே கம்பித் தடுப்பு. டோம்பிவிலியில் ஏறி அந்தத் தடுப்பை ஒட்டி நிற்பவர் பார்வதியம்மாள், தாராவியில் ஒரு முனிசிபல் தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியை. எண்பத்து மூன்று அக்டோபரில் ஒரு நாள், சயானில் இறங்க வேண்டிய அந்த அம்மாள் இறங்காமல் மாட்டுங்கா வரை வந்து, பிளாட்பாரத்தில் வானமாமலையை மடக்கினார்.

"அண்ணாச்சி, பத்து வருஷமா நீங்க பாடுறதைக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு கேக்கேன். சாமி போதும் போதும்ங்கிற அளவுக்குக் கேட்டிருப்பாரு. எம் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் பாடினா என்ன?"

"பஜனையா டீச்சர்?"

"நாடகம். வசனமே கிடையாது, ஆரம்பத்திலேருந்து கடைசி வரைக்கும் பாட்டு. கோட்டை ஏரியாவுல ஒரு நாடகக் கோஷ்டி இருக்கு. இங்கிலீஷ் ஸ்கூல் ஒண்ணு விடாமப் போய்ப் போடுதாங்க. நானும் லெட்டர் எழுதினேன். உங்க ஸ்கூல்ல பியானோ இருக்கான்னு பதில் வந்துது. எங்க ஸ்கூல்ல குழாயில தண்ணி வந்தாலே பெரிய காரியம்."

வானமாமலை வழக்கம்போலத் தலையை ஆட்டினார். ஆட்டிய பிறகுதான் என்னத்துக்கு ஒப்புக்கொண்டோம் என்று புரிந்தது.

அன்று மத்தியானமே ஆபீஸ் டைப்ரைட்டரில் 'சிங்கராஜாவின் கடைவாய்ப்பல்' பிறந்தது என்று சொல்ல ஆசைதான். ஆபீசில் இருந்ததோ இங்கிலீஷ் மெஷின். தமிழ் மெஷின் வைத்திருந்த சிநேகிதர் ஒருவரைக் கெஞ்சி, ஒரு மாசம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீட்டுக்குப் போய் அடித்தார். கதை இதுதான். சிங்கத்துக்குப் பல்வலி. நரியும் கரடியும் ஆடும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கின்றன. வாய்க்குள் கைவிட ஒருவருக்கும் தைரியமில்லை. கடைசியில் எலி போய்ப் பல்லில் கயிறு கட்டி இழுத்துவிடுகிறது. உதுமான்தான் சிங்கம். ஆறடி உயர வானமாமலை எலி. ஐந்து பேருக்கு ஐந்து பிரதி வேண்டுமே, கார்பன் வைத்து ஒரே அடியாக அடித்தார். கடைசிப் பிரதி ஆடாக நடிக்கும் ஜம்புவின் கையில் சேர்ந்தது. அதில் அங்கங்கே ஓர் எழுத்து நிழலாகத் தெரிந்தது. ஜம்பு தெரிந்ததைப் பாடினார், தெரியாத இடத்தில் "மே" என்றார்.

ஒத்திகை முழுக்க ரயிலில்தான், வலது கையால் மேலே தொங்கும் வளையத்தைப் பிடித்தபடி. கல்யாணில் தொடங்கினால் முலுண்டில் பல் விழும். டோம்பிவிலியில் நரி வரும், மும்ப்ராவில் கரடி. ஸ்டேஷனில் ஏறுகிறவனும் இறங்குகிறவனும் இடித்துத் தள்ளும்போது அரை நிமிஷம் பாட்டை நிறுத்துவார்கள், வண்டி நகர்ந்ததும் தொடர்வார்கள். ஒரே மாசத்தில் பாட்டு தண்ணிப்பட்ட பாடாகிவிட்டது. சிங்கத்தின் தலையை உதுமான் பட்டறைத் தோல் துண்டுகளைக் கொண்டு தைத்தார். வாய் திறந்து மூட ஜிப் வைத்தார். பை தைக்கிற மனுஷனுக்கு வேறு யோசனை வருமா?

இதற்கு நடுவில் வந்து சேர்ந்தார் பிரம்மநாயகம், அந்த வட்டாரத்துத் தமிழ்ப் பள்ளிகளை எல்லாம் மேற்பார்வை பார்க்கும் பீட் ஆபீசர். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று நம்புகிற ரகம்.

"என்ன டீச்சரம்மா, பாட வேளையில கூத்தா? சரி, நானும் வந்து பாக்கேன். நல்லா இருந்தா பதினோரு பள்ளிக்கூடத்துக்கும் ஆர்டர் போடுதேன். இல்லேன்னா இந்தப் பேச்சு இதோட சரி. உங்களுக்கு மெமோவும் உண்டு."

இதைக் கேட்ட நாள் முதல் வானமாமலைக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக யார் யாரோ சொன்னதை டைப் அடித்த மனுஷர். தன் மூளையிலிருந்து ஒரு வரி வந்து, அதைப் பதினோரு பள்ளிப் பிள்ளைகள் கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்பே அவரை ஆட்டிவைத்தது. தாராவி, வடாலா, செம்பூர் என்று பள்ளிகளின் பெயரை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தன்னை நம்பி அந்த அம்மாள் மெமோ வாங்கிவிடக் கூடாதே என்ற பயம் வேறு.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. இரண்டு வகுப்பறைகளுக்கு நடுவிலிருந்த மரத் தட்டியை எடுத்துவிட்டு நூற்றெண்பது பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். ஒழுங்கு முக்கியம் என்று பிரம்மநாயகம் எல்லாரையும் பின்சுவரோரம் தள்ளி உட்கார்த்தினார். நாற்காலி போட்டுத் தானும் அவர்களோடு உட்கார்ந்தார். நடுவில் ஆடு மாடு மேய்க்கலாம் போல அவ்வளவு வெட்டவெளி.

நாடகம் தொடங்கியது. ஐந்து பேரும் அந்த வெட்டவெளியை விட்டுவிட்டு ஒரு மூலையில் போய்த் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். வலது கை ஐந்தும் தலைக்கு மேலே எதையோ பிடித்திருந்தன. நகரவே இல்லை. நகர்ந்து ஒத்திகை பார்த்திருந்தால் அல்லவா நகர்வதற்கு? உதுமான் ரயில் சத்தத்தை மீறிப் பாடிப் பழகிய தொண்டையால் "ஐயோ என் பல்லே" என்று எடுத்ததும், ஒண்ணாம் வகுப்பு மொத்தமும் ஓவென்று அழுதது. முதல் பாட்டு முடிந்து, ஒத்திகையில் தாக்குர்லி ஸ்டேஷன் வரும் இடம் வந்தது. ஐவரும் அரை நிமிஷம் வாயை மூடிக்கொண்டு அசையாமல் நின்றார்கள். எதற்கு நிற்கிறார்கள் என்று ஒருவருக்கும் புரியவில்லை.

"இது என்ன, ரேஷன் கடை க்யூவா?" என்றார் பிரம்மநாயகம், எல்லார் காதிலும் விழும்படி.

நரி பாடியது, எடுபடவில்லை. ஜம்பு முறை வந்தபோது "மே" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பெரிய வகுப்புப் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். பிரம்மநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பைலை மூடினார். சுவரோரம் நின்ற பார்வதியம்மாளின் முகம் செத்துப்போயிருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் வானமாமலைக்கு அங்கேயே தரை பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது. வேர்வையைத் துடைக்கக் கையைத் தேடினார். கை தலைக்கு மேலே நின்றது. பக்கத்தில் பார்த்தார். நாலு கையும் அங்கேதான் இருந்தன.

அவருக்குச் சுரீர் என்றது. பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு நேரே டீச்சரிடம் போனார்.

"டீச்சர், பிள்ளைகளை எழுப்பி எங்க மேல விடுங்க."

"என்னது?"

"இடிக்க ஆள் இல்லாம எங்களுக்குப் பாட வர மாட்டேங்கு."

வேறொருவராக இருந்தால் இவருக்கு மண்டை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பார்வதியம்மாளும் தினம் அதே வண்டியில் நசுங்கி வருகிறவர்தானே. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"எல்லாரும் எந்திரிங்க! இது தாதர் ஸ்டேஷன்! வண்டி நிக்குது, ஏறுங்கடா!"

தாராவிப் பிள்ளைகளுக்கு இரண்டாம் தரம் சொல்ல வேண்டுமா? நூற்றெண்பதும் ஒரே பாய்ச்சலாக வந்து ஐவர் மேலும் விழுந்தன. "அந்தர் சலோ, உள்ள போ, உள்ள போ" என்று பின்னாலிருந்து தள்ளின. நடுவில் அகப்பட்ட பிரம்மநாயகத்தின் நாற்காலி எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் சிங்கத்துக்கும் ஆட்டுக்கும் நடுவே நசுங்கி நின்றார்.

முதுகில் முழங்கை பட்டதுதான் தாமதம், உதுமானுக்குச் சுதி சேர்ந்துவிட்டது. கரடி உற்சாகமாகக் குட்டிக்கரணம் போடப் பார்த்து, இடமில்லாமல் விட்டது. ஜம்பு "மே" என்ற இடத்திலெல்லாம் நூற்றெண்பது குரல் "மே" என்றது. அழுத ஒண்ணாம் வகுப்புதான் எல்லாரையும்விடச் சத்தம். எலியின் முறை வந்ததும் வானமாமலை கூட்டத்துக்குள் குனிந்து நுழைந்து, சிங்கத்தின் ஜிப்பை இழுத்தார். உள்ளே ஒரு வெள்ளை முள்ளங்கி. அதில் கயிறு கட்டி, பாடிக்கொண்டே கயிற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். கை மாறி மாறிப் போன கயிற்றின் கடைசி முனை பிரம்மநாயகத்தின் கைக்கு வந்தது. அவர் அதை முறைத்துப் பார்த்தார். பிறகு இழுத்தார்.

பல் விழுந்த சத்தத்தில் மேல்மாடி மராத்திப் பள்ளியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள்.

கூட்டம் கலைந்தபின் பிரம்மநாயகம் ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றார். மற்றதைத் தேடி மாட்டிக்கொண்டு, பைலைக் கக்கத்தில் இடுக்கியபடி போய்விட்டார்.

ஒன்பது நாள் தகவல் இல்லை. பஜனையில் வானமாமலை இரண்டு முறை அடி தப்பினார். "அந்த மனுசன் செருப்புக்கே கேஸ் போடுவாரு அண்ணாச்சி" என்றார் உதுமான். பத்தாம் நாள் டோம்பிவிலியில் ஏறிய பார்வதியம்மாள், மடித்த ஒரு காகிதத்தைக் கம்பி வழியாக நீட்டினார்.

டைப் அடித்த உத்தரவு. வானமாமலை நெரிசலில் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து உரக்கப் படித்தார். மேற்படி இசை நாடகத்தைப் பதினோரு பள்ளிகளிலும் சனிக்கிழமைதோறும் நடத்த அனுமதிக்கப்படுகிறது. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் கீழே கையொப்பமிட்டவர் நேரில் வந்து ஆய்வு செய்வார்.

"அப்படின்னா?" என்றார் ஜம்பு.

"பதினோரு தடவையும் வாராராம்."

சொல்லிவிட்டு வானமாமலை காகிதத்தை நீட்டினார். உதுமான் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். கையெழுத்துக்குக் கீழே, பேனாவால், பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது.

'கயிறு இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும்.'