கதவைத் திறந்து வைத்து எடுத்த படம்

அம்மா பகலில் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள் என்பதை எனக்குச் சொன்னது அம்மா இல்லை, பக்கத்து வீட்டு அக்கா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே டெய்லராக இருப்பவர். நான் வண்டியை எடுக்கும் நேரம் பார்த்து, குடத்தைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு வந்தார்.

"தம்பி, ஒங்கம்மா காலைல ஒரு டம்ளர் காப்பி குடிக்காவல்லா, அதோட சரி. பொழுதடைய ஒரு சொட்டுத் தண்ணி தொண்டைல எறங்கல. ஒண்ணுக்குப் போனா எரியுதுங்காவ. ஒங்கிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

வேலம்பாளையத்தில் எங்களுடையது லைன் வீடு. ஒரே வரிசையில் எட்டு வீடுகள். கடைசியில் எல்லோருக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ். எங்கள் வீடு இந்தக் கோடி, அவை அந்தக் கோடி. இரண்டு படி ஏறி, குத்தவைத்து உட்கார்ந்து எழ வேண்டும். அம்மா இருபது வருடம் பனியன் கம்பெனித் தரையில் உட்கார்ந்து துணியின் நூல் பிசிறு வெட்டியவள். அந்த முழங்கால்கள் இப்போது மடங்கினால் நிமிர்வதில்லை. எழ முடியாமல் போனால் யாரையாவது கூப்பிட்டாக வேண்டும். அப்பா இல்லை. கூப்பிட்டுக் கேவலப்படுவதைவிடத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடலாம் என்று அவள் முடிவு செய்திருக்கிறாள்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஓர் ஏற்றுமதி கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் பிரிவில் இருக்கிறேன். துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், தொழிலாளர்களுக்கு வசதிகள் இருக்கின்றனவா என்று சோதிக்க ஆடிட்டரை அனுப்புவார்கள். அவர் வருவதற்குள் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். முதலுதவிப் பெட்டி, அவசர வழி, நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குச் சாய்தளம், கழிவறையில் கைப்பிடி. அளவுகள் எனக்கு மனப்பாடம். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இத்தனை அளவும் தெரிந்த ஒருவனின் வீட்டில் அம்மா தாகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

அன்று மதியம் கம்பெனி மாடியில் நின்று போனில் தேடினேன். ஆங்கிலத்தில்தான் தேடினேன், அப்படித் தேடினால்தான் சரியானது கிடைக்கும் என்று ஒரு நினைப்பு. வெள்ளைச் சீருடையில் சிரிக்கும் நர்சுகள் வந்தார்கள். கோயம்புத்தூர், சென்னை என்றார்கள். கடைசியில் முதியோருக்கான ஓர் உதவி எண் கிடைத்தது. எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டார்.

"யாருக்குங்க சார் உதவி வேணும்?"

"என் பிரெண்டோட அம்மாவுக்குங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். என் அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை.

"அவங்களுக்கு என்ன சிரமம்னு தெரியுங்களா? எந்தப் பக்கம் வலி, எதைப் பிடிச்சு எந்திரிப்பாங்க?"

"அது… தெரியலீங்க."

"அப்ப உங்க பிரெண்டையே பேசச் சொல்லுங்க சார். முதல்ல அம்மாகிட்ட உக்காந்து கேட்டுட்டுப் பேசச் சொல்லுங்க."

சரிங்க என்று வைத்துவிட்டேன். அந்தப் பிரெண்ட் திரும்பப் பேசவே இல்லை.

எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். வீட்டுக்காரரைப் பார்த்தேன். "கம்பி வேணா அடிச்சுக்குங்க தம்பி. வெஸ்டர்ன் எல்லாம் ஆகாது. எட்டு ஊட்டுக்காரங்க பொழங்கற எடமுங்க" என்றார். கம்பெனி பிளம்பரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்து, ஆடிட்டுக்கு மாட்டுகிற அதே உயரத்தில் ஒரு கக்கூஸின் வலது பக்கச் சுவரில் பளபளக்கும் கைப்பிடி மாட்டினேன். நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலி ஒன்று வாங்கி அப்படியே பீங்கானுக்கு மேலே வைத்தேன். அம்மா அப்போது அக்காவோடு ஆட்டோவில் கோயிலுக்குப் போயிருந்தாள். வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று நினைத்தேன். வெளிச்சம் விழக் கதவைத் திறந்து வைத்து நாலு படம் எடுத்தேன். ஒன்றை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன். உன்னைப் போல ஒரு பிள்ளை வேண்டும் என்றெல்லாம் பதில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் கைகூப்பினேன்.

பதினைந்து நாள் கழித்து அக்கா மறுபடியும் வண்டியை மறித்தார்.

"ஒங்கம்மா இன்னும் தண்ணி குடிக்கல தம்பி. வியாழக்கெழம வியாழக்கெழம பிரஷர் மாத்திரை கொண்டு வருமே, ஒரு கவர்மெண்டு பிள்ள, அதுகிட்ட சொல்லிப் பாரும். மேல லைன்ல ஒரு தாத்தாவுக்குக் கை கால் அசைக்கச் சொல்லிக் குடுக்க ஒரு ஆளக் கூட்டியாந்துச்சு. காசு கெடையாது."

வீடு வீடாக மாத்திரை கொடுக்க அரசாங்கம் அனுப்பும் பெண், ஒரு வருடமாக எங்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த ஆள். நான் கண்டதில்லை, வியாழக்கிழமைகளில் நான் கம்பெனியில் இருப்பேன்.

அடுத்த வியாழன் லீவு போட்டேன். மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் சொன்னதும் அதற்கடுத்த வாரம் பிசியோதெரபி செய்யும் ஒரு பெண்ணை அழைத்து வந்தார். என் வயதுதான் இருக்கும். அம்மாவின் எதிரில் தரையிலேயே உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

"பாத்ரூம் போறதுல ஏதாவது சிரமம் இருக்குங்களாம்மா?"

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். முதுகை நிமிர்த்தினாள்.

"எல்லாம் வசதியா இருக்குதுங்க. ஒரு கொறையும் இல்லீங்க. தண்ணியெல்லாம் நெறையக் குடிக்கறமுங்க. கேக்கறதெல்லாம் செஞ்சு குடுக்கறாங்க."

"யாருங்கம்மா செஞ்சு குடுக்கறாங்க?"

அம்மா திகைத்து என்னைப் பார்த்தாள்.

ஆடிட்டுக்கு முந்தின நாள் லைன் லைனாகப் பெண்களை நிற்க வைத்து நான் சொல்லிக்கொடுக்கும் வாசகம் அது. நோட்டோடு யார் வந்து கேட்டாலும் இப்படித்தான் சொல்ல வேண்டும், பயப்படாமல் நிமிர்ந்து நின்று சொல்ல வேண்டும் என்பேன். அந்த இருபது வருடத்தில் அம்மா வேலை பார்த்த கம்பெனிகளில் என்னைப் போல எத்தனை பேர் அவளை நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

அந்தப் பெண் நோட்டை மூடினார். "சரிங்கம்மா. எப்படிப் போவீங்கன்னு ஒருக்கா நடந்து காட்டுங்க."

சுவரைப் பிடித்துப் பிடித்து அம்மா நடந்தாள். மூன்றாவது வீட்டு வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். கடைசியில் போய்ப் பார்த்தால் உள்ளே நாற்காலி இல்லை. வெளிச் சுவரோரம், மழையில் நனைந்து, காலில் துருவோடு கிடந்தது.

"இத உள்ள வெச்சுத்தானே போகணும்?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"வெச்சா கதவு சாத்த முடியறதில்லீங்க கண்ணு" என்றாள் அம்மா, மெதுவாக.

கதவு உள்பக்கம் திறப்பது. நாற்காலி போட்டால் பாதி வரைதான் வரும். என் படங்கள் நான்கிலும் கதவு விரியத் திறந்திருந்தது. அந்தப் பெண் கைப்பிடியைக் காட்டி, எட்டிப் பிடிக்கச் சொன்னார். அம்மாவால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கவே முடியவில்லை. கம்பெனியில் பனியன் மூட்டையும் தூக்கித் தேய்ந்த தோள். அவளுக்குப் பலம் இடது கையில். இது எனக்குத் தெரியாது.

"இத யாருங்க மாட்டுனது?"

"எம் பையந்தானுங்க. படிச்ச பையனுங்க. நல்லாத்தான் பண்ணிக் குடுத்தான்" என்றாள் அம்மா.



கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள், கம்பியை இடது பக்கம் ஒரு சாண் இறக்கி அடியுங்கள், அம்மாவை உட்கார வைத்துப் பார்த்து அடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் கேட்டேன்.

"ஏம்மா, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமல்ல?"

"நீதான் போட்டோ புடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்பிச்சுட்டியே சாமி. அப்பறம் எப்படிச் சொல்றது? நாலு பேரு உன்னைய என்ன நெனப்பாங்க?"

கதவை மாற்ற ஒரு ஆசாரிக்கு அரை நாள்கூட ஆகவில்லை. கம்பிக்கு அம்மாவே சுவரில் விரலை வைத்து இடம் காட்டினாள். எல்லாம் முடிந்து முதல் தடவை போகும்போது, "நீ இங்க நிக்காத, ரோட்டுக்குப் போ" என்று விரட்டினாள். போய்ப் பெட்டிக்கடை ஓரம் நின்றேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் அவள் தெரிந்தாள். யாரையும் கூப்பிடவில்லை.

ஆனால் வசதியாக இருக்கிறதா என்று கேட்டால் இப்போதும் அதே வேகத்தில், "வசதியா இருக்குது சாமி" என்கிறாள். அந்த வார்த்தையை நம்பும் உரிமை எனக்கு இல்லை. அதனால் வேலைக்குக் கிளம்பும்முன், அவள் குடிப்பதற்கென்றே ஒரு கூஜாவை நானே நிரப்பி மூடி வைக்கிறேன். பொழுதோடு திரும்பியதும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மூடியைத் தூக்கி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கிறேன். அம்மா அடுப்படியிலிருந்து நான் பார்ப்பதைப் பார்ப்பாள். நேற்று பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.